டிரினிட்டி ஃபெலோ: ராமானுஜனுக்கு 1918-இல் கிடைத்தது உண்மையில் என்ன?

#1 எண்கோலம்

ராமானுஜனைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் 1918-இல் எஃப்.ஆர்.எஸ். (லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி) கிடைத்ததைப் பத்தி பத்தியாக எழுதுகின்றன. அதே ஆண்டு அக்டோபரில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆனார் என்பதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது பட்டமா, உத்தியோகமா, வெறும் கௌரவமா? சம்பளம் உண்டா? கொடுத்தது பல்கலைக்கழகமா, கல்லூரியா? 1916-இல் வாங்கிய பி.ஏ.வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கேம்நதி

கொடுத்தது கல்லூரி. பல்கலைக்கழகத்துக்கு அதில் பங்கே இல்லை.

நம் ஊரில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பாடம் நடத்தும் இடம். கேம்பிரிட்ஜில் தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும் விரிவுரை, ஆய்வகம் நடத்துவதும் பல்கலைக்கழகத்தின் வேலை. மாணவரைச் சேர்ப்பது, அறை தருவது, சாப்பாடு போடுவது, வாரந்தோறும் ஒருவர் இருவராக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது கல்லூரியின் வேலை. அந்த வகுப்புக்கு சூப்பர்விஷன் என்று பெயர். டியூட்டர் என்பவர் பாடம் எடுப்பவர் அல்லர். மாணவரின் நலனுக்குப் பொறுப்பானவர். ஆக்ஸ்போர்டில் இது நேர்மாறு, அங்கே டியூட்டர்தான் பாடம் சொல்வார். இரண்டையும் கலந்து எழுதும் கட்டுரைகள் நிறைய.

ஒவ்வொரு கல்லூரியும் சொந்த நிலம், சொந்தச் சட்டவிதி, சொந்தக் கணக்கு வழக்கு உள்ள தனி அமைப்பு. மாஸ்டர் எனப்படும் தலைவரும் ஃபெலோக்களும் ஸ்காலர்கள் எனப்படும் உதவித்தொகை மாணவர்களும் சேர்ந்ததுதான் சட்டத்தின் பார்வையில் டிரினிட்டி கல்லூரி. ஃபெலோ அங்கே வேலைக்கு அமர்த்தப்பட்டவர் அல்லர். அந்த அமைப்பின் அங்கம் அவர். நம் வழக்கில் கிட்டத்தட்ட நெருங்கி வருவது ஆதீன மடம்தான்: சொந்த நிலம், குத்தகை வருமானம், பொதுச் சமையல், வழிபாட்டிடம், தமக்குள்ளேயே ஆள் எடுத்துக்கொள்ளும் முறை.

ராமானுஜனுக்குக் கிடைத்தது பரிசு ஃபெலோஷிப் என்ற வகை. ஆண்டுக்கு 250 பவுண்டு, ஆறு ஆண்டுகளுக்கு. பாடம் எடுக்க வேண்டாம், எந்த நிபந்தனையும் கிடையாது. 1916 மார்ச்சில் வாங்கிய பி.ஏ. பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காகக் கொடுத்த பட்டம்; உயர் பகு எண்கள் (தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்கள்) பற்றிய கட்டுரைக்காக. அதற்கும் ஃபெலோஷிப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

#3 பழஞ்சுவடி

கேம்நதி சார் சொன்ன ஆதீன ஒப்புமை பொருத்தமானது. கல்லூரி பிறந்த விதத்தையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் தெளிவாகும்.

1546-இல் எட்டாம் ஹென்றி டிரினிட்டியை நிறுவினார் என்பார்கள். வெறும் மனையில் கட்டியது அல்ல. கிங்ஸ் ஹால் என்ற கல்லூரியின் தொடக்கம் 1317-இல், இரண்டாம் எட்வர்ட் தன் அரண்மனைச் சிறுவர்களைப் படிக்க அனுப்பியதில் இருக்கிறது. மூன்றாம் எட்வர்ட் 1337-இல் அதைக் கல்லூரியாக்கினார். பக்கத்திலேயே 1324-இல் ஹார்வி டி ஸ்டான்டன் நிறுவிய மைக்கேல்ஹவுஸ். இந்த இரண்டையும் சுற்றியிருந்த சில மாணவர் விடுதிகளையும் ஒன்றாக்கியதுதான் டிரினிட்டி.

ஏன் ஒன்றாக்கினார் என்பதுதான் முக்கியம். மடாலயங்களை ஏற்கெனவே கலைத்துவிட்டிருந்தார். 1545-இல் வந்த சட்டம் கல்லூரிகளையும் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொள்ள அரசருக்கு அதிகாரம் கொடுத்தது. பதறிப்போன கேம்பிரிட்ஜ், அரசி கேத்தரின் பாரிடம் முறையிட்டது. சொத்துக் கணக்கெடுக்க வந்த மேத்யூ பார்க்கர், ஜான் ரெட்மன், வில்லியம் மே மூவரும் கேம்பிரிட்ஜ்காரர்கள். கல்லூரிகளின் வருமானம் செலவுக்கே போதவில்லை என்று அவர்கள் காட்டிய கணக்கு அரசரைத் தடுத்தது. அழிப்பதற்குப் பதிலாக, கலைத்த மடாலயங்களின் நிலங்களைக் கொடுத்துப் புதுக் கல்லூரி அமைத்தார். ரெட்மன்தான் முதல் மாஸ்டர். சாசனம் 1546 டிசம்பர் 19. அரசர் இறந்தது 1547 ஜனவரி 28. ஆறு வாரம் தள்ளியிருந்தால் இந்தக் கல்லூரி வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அரசர் நிறுவியதால் இன்றைக்கும் மாஸ்டரை நியமிப்பது முடியரசு. பெரும்பாலான கல்லூரிகளில் ஃபெலோக்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

#4 எண்கோலம்

இருவருக்கும் நன்றி. 250 பவுண்டு எங்கிருந்து வந்தது? அரசு மானியமா, மாணவர் கட்டணமா?

#5 பழஞ்சுவடி

நிலம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்குள்ள பாதி மரபுகளுக்கு வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. நிரந்தரத் தொகைக்கு நிலத்தைக் குத்தகை விட்டிருந்த கல்லூரிகள் திண்டாடின. 1576-இல் சர் தாமஸ் ஸ்மித்தின் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. குத்தகையில் மூன்றில் ஒரு பங்கைத் தானியமாகவோ அன்றைய சந்தை விலையிலோ வாங்க வேண்டும். தானிய அளவைக் கணக்கிட அடிப்படை விலை: கோதுமை ஒரு குவார்ட்டர் (பழைய தானிய அளவை) 6 ஷில்லிங் 8 பென்ஸ், மால்ட் என்ற முளைகட்டிய தானியம் ஒரு குவார்ட்டர் 5 ஷில்லிங். அன்று ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்.

உதாரணக் கணக்கு ஒன்று. ஆண்டுக் குத்தகை 12 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 8 பவுண்டு பணமாக வரும். மீதி 4 பவுண்டு, அதாவது 960 பென்ஸ். ஒரு குவார்ட்டர் கோதுமை 80 பென்ஸ் என்றால் 12 குவார்ட்டர். இந்த 12 மாறாது. பின்னாளில் கோதுமை குவார்ட்டர் 40 ஷில்லிங் ஆகும்போது அந்தப் பங்கு மட்டும் 24 பவுண்டு. பணப் பங்கு அதே 8. குத்தகைச் சீட்டில் ஓர் எழுத்தும் மாற்றாமல் 12 பவுண்டு 32 பவுண்டாகிவிட்டது.

இன்னொரு வருமானம், குத்தகையைப் புதுப்பிக்கும்போது வாங்கிய மொத்தத் தொகை. குத்தகை 20 ஆண்டுக்கு என்று எழுதுவார்கள். ஏழாண்டுக்கு ஒருமுறை குடியானவர் ஒரு தொகை கட்டிப் புதுப்பித்துக்கொள்வார். ஆண்டு வாடகை குறைவாகவே இருக்கும். அந்தத் தொகை மாஸ்டருக்கும் ஃபெலோக்களுக்கும் பங்காகப் பிரிந்துவிடும். கோளாறு இங்கேதான். இன்றைக்கு இருக்கிறவர் பையில் பணம்; கட்டடம் பழுது பார்க்கப் பொதுக் கணக்கில் காசு இருக்காது. மாணவர் உதவித்தொகை பழைய விகிதத்திலேயே நின்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் இந்த முறை கைவிடப்பட்டு முழு வாடகைக்கு மாறினார்கள்.

20-ஆம் நூற்றாண்டிலும் நிலம்தான். 1933-இல் சஃபோக் கடற்கரையை ஒட்டி வாங்கிய டிரிம்லி பண்ணை நிலத்தில் பின்னர் ஃபெலிக்ஸ்டோ துறைமுகம் விரிந்தது. இன்று பிரிட்டனின் மிகப் பெரிய கண்டெய்னர் துறைமுகம் அது. 1970-இல் பர்சர் எனப்படும் நிதிப் பொறுப்பாளர் ஜான் பிராட்ஃபீல்டு முன்னின்று கல்லூரி நிலத்தில் கேம்பிரிட்ஜ் அறிவியல் பூங்காவைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் பணக்காரக் கல்லூரி டிரினிட்டி என்பதற்குக் காரணம் இதுதான்.

#6 தென்னங்கீற்று

மடம் என்றதும் இன்னொன்றும் பொருந்துகிறது. அந்தக் காலத்தில் ஃபெலோக்கள் திருமணம் செய்யக் கூடாது. செய்தால் இடம் போய்விடும். போதாததற்கு எம்.ஏ. முடித்து ஏழு ஆண்டுக்குள் ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற வேண்டும். திருமணம் செய்ய விரும்பியவர், கல்லூரியின் ஆதரவில் இருந்த ஏதாவது ஒரு கிராமத் தேவாலயத்தில் இடம் காலியாகக் காத்திருப்பார். கிடைத்ததும் ஃபெலோஷிப்பை விட்டுவிட்டுக் குடும்பஸ்தராகப் போவார். மூப்பு வரிசை என்பது அங்கே வெறும் மரியாதையாக இல்லாமல் வாழ்க்கைப் பிரச்சினையாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

நியூட்டனே இதில் மாட்டிக்கொண்டார். 1661-இல் சப்சைஸர் என்ற கடைசிப் படியில் சேர்ந்தவர். வசதியானவர்களுக்கு எடுபிடி வேலை செய்து படிக்கும் மாணவர் நிலை அது. 1667-இல் ஃபெலோ, 1669-இல் லூகாசியன் பேராசிரியர் என்ற கணிதப் பதவி. குருப்பட்டம் பெறும் கெடு நெருங்கியது. தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் மும்மைக் கோட்பாட்டை, அதாவது கல்லூரியின் பெயரிலேயே இருக்கும் அந்த டிரினிட்டியை, அவர் மனத்தளவில் ஏற்கவில்லை. சில ஃபெலோ இடங்களுக்கு மட்டும் குருப்பட்டம் வேண்டாம். அப்படி ஒரு சட்டத்துறை இடத்துக்கு 1673-இல் முயன்றார், வேறொருவருக்குப் போயிற்று. கடைசியில் 1675-இல் இரண்டாம் சார்லஸ், லூகாசியன் பேராசிரியராக இருப்பவருக்கு விலக்கு என்று ஆணை கொடுத்தார். விலக்கு நாற்காலிக்கு, மனிதருக்கு அல்ல. அதே காலத்தில் விலக்குக் கேட்ட ஃபிரான்சிஸ் ஆஸ்டன் என்ற ஃபெலோவுக்கு மறுத்துவிட்டார்கள்.

#7 கேம்நதி

தென்னங்கீற்று சொன்னதோடு இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1871-இல் பல்கலைக்கழகச் சமயச் சோதனைச் சட்டம் வந்து திருச்சபை உறுப்பினர்தான் ஃபெலோ ஆகலாம் என்ற தடை நீங்கியது. 1882 சட்டவிதிகளில் திருமணத் தடையும் போனது. வைணவரும் மணமானவருமான ராமானுஜன் அதற்கு ஐம்பது ஆண்டு முன்பு பிறந்திருந்தால் கணக்கு எவ்வளவு இருந்தும் வாசலுக்குள் வந்திருக்க முடியாது. 1918-ஐப் பேசும்போது இந்த இரண்டு ஆண்டுகளையும் விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

#8 மணிக்கூண்டு

கிரேட் கோர்ட் ஓட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! மரபு என்றால் மாணவர்களுக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

கிரேட் கோர்ட் என்ற பெரிய முற்றம் தாமஸ் நெவில் மாஸ்டராக இருந்த காலத்தில் (1593–1615) உருவானது. குறுக்கே நின்ற பழைய கட்டடங்களை இடித்து, நடுவில் நின்ற மூன்றாம் எட்வர்ட் கோபுர வாசலைச் சேப்பல் எனும் கல்லூரித் தேவாலயத்தின் மேற்குப் பக்கம் தள்ளிக் கட்டினார். அந்தக் கோபுரத்தில் உள்ள கடிகாரம் மணியை இரண்டு முறை அடிக்கும்: முதலில் கனத்த ஒலியில், பிறகு மெல்லிய உயர்ந்த ஒலியில். ஆகப் பகல் 12 மணிக்கு 24 அடி. அந்த 24 அடி முடிவதற்குள் முற்றத்தை ஒரு சுற்று, ஏறக்குறைய 367 மீட்டர், ஓடி முடிக்க வேண்டும். புதிய மாணவர்களின் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகச் சேர்க்கை) விருந்து நாளில், நண்பகலில் நடக்கும்.

நேரம் நிலையானது அல்ல. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று, காற்றில் ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்து 43 முதல் 44.5 வினாடி. 400 மீட்டர் ஓடுபவருக்கு இது முடியும்போல் தோன்றும். முடியாததற்குக் காரணம் மூலைகள்தான். நான்கும் செங்கோணத் திருப்பங்கள், கீழே கல் பாவிய நடைபாதை. ஒவ்வொரு மூலையிலும் வேகத்தை முழுக்க இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஆணிக்காலணியும் கல்லில் பிடிக்காது.

1927-இல் லார்ட் பர்லி என்ற ஓட்டவீரர் முடித்தார். 1988-இல் ஓட்டவீரர்கள் செபாஸ்டியன் கோ, ஸ்டீவ் கிராம் இருவரும் ஓடினார்கள்; கோ வென்றார். 2007-இல் ஒரு மாணவர் 42.77 வினாடியில் முடித்தார்.

#9 பழஞ்சுவடி

மணிக்கூண்டு, 1988-ஐப் பற்றி ஒரு திருத்தம். கோ கிராமை வென்றார், கடிகாரத்தை வெல்லவில்லை. அன்று மணி அடித்து முடிக்க 44.4 வினாடி, கோவின் நேரம் 45.52 என்று அறிவித்தார்கள். கடைசி அடி விழும்போது அவர் எல்லைக்கு ஏறக்குறைய 12 மீட்டர் முன்னால் இருந்தார். மணியின் கார்வை அடங்கும் வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று வர்ணனையாளர்கள் சொன்னதால் வந்த குழப்பம் அது.

1981-இல் வந்த ஆங்கிலப் படம் ஒன்றில் ஓட்டவீரர் ஹெரால்ட் ஆபிரகாம்ஸ் இந்த ஓட்டத்தை வென்றதாகக் காட்டுவார்கள். அவர் இதை ஓடியதே இல்லை. படப்பிடிப்பும் ஈட்டன் பள்ளியில்தான் நடந்தது.

#10 மணிக்கூண்டு

நன்றி ஐயா, தெளிவாயிற்று. முற்றத்துப் புல் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: அதில் நடக்கும் உரிமை ஃபெலோவுக்கும் அவர் அழைத்து வரும் விருந்தினருக்கும் மட்டும். எவ்வளவு அவசரமானாலும் மாணவர் சுற்றித்தான் போக வேண்டும்.

#11 எண்கோலம்

கேம்நதி சார், 1917-இலேயே ராமானுஜன் பெயர் ஃபெலோஷிப்புக்கு வந்து தோற்றது என்று படித்தேன். ஓராண்டில் என்ன மாறியது?

#12 கேம்நதி

மூன்று விஷயங்கள் சேர்ந்து வேலை செய்தன.

முதலில் தேர்வு முறை. விண்ணப்பிப்பவரின் ஆய்வேடு அல்லது வெளியான கட்டுரைகளை வல்லுநர்கள் படித்து அறிக்கை தருவார்கள். தேர்வாளர் குழு கூடி விவாதித்து வாக்களிக்கும். குழுவில் கணிதம் தெரியாதவர்களே அதிகம். அவர்கள் நம்பகமான அறிக்கையையும் ஆதரிப்பவரின் செல்வாக்கையும்தான் பார்ப்பார்கள்.

ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டிக்கு 1917-இல் அந்தச் செல்வாக்கு இல்லை. போரை எதிர்த்து எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்ட பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை 1916-இல் கல்லூரிக் கவுன்சில் விரிவுரையாளர் பதவியிலிருந்து நீக்கியது. ஹார்டி ரஸ்ஸல் பக்கம் நின்றவர். கல்லூரி இரண்டுபட்டுக் கிடந்தது. நெவில்ஸ் கோர்ட் என்ற இன்னொரு முற்றத்தின் வளைவுத் தாழ்வாரத்தில் 1914-இல் காயம்பட்ட சிப்பாய்களைப் படுக்கவைத்திருந்த கல்லூரி அது. இளைஞர்கள் பலர் போர்முனையில். அந்தச் சூழலில் ஹார்டி முன்மொழிந்த பெயர் எளிதில் தேறியிருக்காது.

1918-இல் பெயரை முன்னெடுத்தவர் ஹார்டியோடு சேர்ந்து ஆய்வு செய்த கணிதவியலாளர் லிட்டில்வுட். எதிர்ப்பு அப்போதும் இருந்தது. கறுப்பர் ஒருவரை ஃபெலோவாக ஏற்க மாட்டேன் என்று சொன்னவரும் இருந்ததை லிட்டில்வுட் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். ராமானுஜனின் உடல்நிலையையும் மனநிலையையும் காரணம் காட்டினார்கள். மருத்துவச் சான்றுகளை அனுப்பி அதற்குப் பதில் சொன்னார். எல்லாவற்றையும்விட, அந்த ஆண்டிலேயே ராயல் சொசைட்டி ராமானுஜனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. எஃப்.ஆர்.எஸ். ஆன ஒருவரை இளம் ஆய்வாளர்களுக்கான ஃபெலோஷிப்பில் தோற்கடித்தால் கேவலம் கல்லூரிக்குத்தான். அந்த வாதத்துக்கு எதிர்த்தரப்பில் பதில் இல்லை.

ஆகவே நம் கட்டுரைகள் எழுதுவதுபோல் எஃப்.ஆர்.எஸ். பெரியது, ஃபெலோஷிப் அதன் கொசுறு என்று நான் கொள்ளமாட்டேன். லண்டனில் இருந்த கழகம் அவருடைய கணிதத்தை மதித்தது. டிரினிட்டி அவரைத் தன்னில் ஒருவராக எடுத்துக்கொண்டது, அதுவும் சண்டை போட்டு. டிரினிட்டியில் ஃபெலோ ஆன முதல் இந்தியர் அவர்தான்.

பணத்தைப் பற்றி ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகமும் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் ஐந்தாண்டுக்கு அறிவித்தது. 1919 ஜனவரியில் ராமானுஜன் எழுதிய பதில் கடிதம் இன்றைக்கும் படிக்கத் தக்கது: பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போக, தன் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் பள்ளிக் கட்டணத்துக்குப் பயன்படுத்தச் சொல்கிறார்.

#13 வேப்பம்பூ

சாப்பாட்டுப் பக்கம் வருகிறேன். ஹால் என்ற உணவுக்கூடம் 1604-ஐ ஒட்டிக் கட்டியது, லண்டன் மிடில் டெம்பிள் கூடத்தின் மாதிரியில். ஒரு முனையில் ஃபெலோக்களின் உயர்மேசை, அதன் பின்சுவரில் எட்டாம் ஹென்றியின் படம். விருந்துக்கு முன் லத்தீனில் வாழ்த்து. அங்கே சேர்ந்து உண்பது கல்லூரி வாழ்வின் மையம். சைவ உணவைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த ராமானுஜன் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். சக ஊழியர்களோடு பழகும் முக்கிய இடம் அதனால் அவருக்கு இல்லாமல் போயிற்று. போர்க்காலத் தட்டுப்பாட்டில் காய்கறி கிடைப்பதும் சிரமம்.

அந்தச் சமையலறையின் புகழ்பெற்ற பண்டம் டிரினிட்டி கிரீம். கல்லூரிச் சின்னத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சர்க்கரைமேல் சூடு வைத்துக் கொண்டுவருவார்கள். 1879-இல் பட்டியலில் சேர்ந்தது. பிரெஞ்சு வகையைவிட இதில் மேல்தட்டு தடிமன், உள்ளே இனிப்பு மிகக் குறைவு.

வீட்டில் செய்ய: கொழுப்பு மிகுந்த கிரீம் 600 மில்லி, முட்டை மஞ்சள்கரு 6, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. கிரீமைக் கொதிக்கும் தறுவாய் வரை சூடாக்கி, அந்தச் சர்க்கரை சேர்த்து அடித்த மஞ்சள்கருவில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி வடிகட்டவும். தட்டையான பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, பாதி உயரம் வெந்நீர் நிற்கும் தட்டில் வைத்து 150 டிகிரி அடுப்பில் ஏறத்தாழ 35 நிமிடம். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுக்க வேண்டும். முழுக்க இறுகும் வரை விட்டால் திரிதிரியாகிவிடும். ஓர் இரவு குளிரவைத்த பிறகுதான் மேலே சர்க்கரையை 2–3 மில்லிமீட்டர் பரப்பிச் சூடு காட்ட வேண்டும். குளிராததில் காட்டினால் அடியில் உள்ளதும் உருகிச் சர்க்கரை மூழ்கும். இரும்பு இல்லாதவர்கள் கேஸ் டார்ச் வைத்துக்கொள்ளலாம். கருகிய தட்டை அரை மணிக்குள் பரிமாறிவிடுங்கள். ஈரம் ஏறினால் மொறுமொறுப்பு போய்விடும்.

#14 தென்னங்கீற்று

பழஞ்சுவடி ஐயா மாஸ்டர் நியமனத்தைத் தொட்டார். பதவியேற்பு நாளில் கிரேட் கேட் என்ற முதன்மை வாசலின் கதவு சாத்தியிருக்கும். புது மாஸ்டர் கதவைத் தட்ட வேண்டும். தலைமைப் போர்ட்டர் எனப்படும் வாயிற்காவலர் வந்து அரச ஆணையை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். ஃபெலோக்கள் அதைப் பார்த்த பிறகே கதவு திறக்கும். பிறகு சேப்பலில் உறுதிமொழி. 1998-இல் அமர்த்தியா சென்னும், 2019-இல் முதல் பெண் மாஸ்டராக சாலி டேவிஸும் இப்படித்தான் உள்ளே போனார்கள். அரசர் நியமித்தாலும் உள்ளே விடுவது நாங்கள் என்று ஃபெலோக்கள் காட்டும் இடம் அது. மாஸ்டரோடு மோதுவதும் அவர்களுக்குப் புதிதல்ல: 1700 முதல் 1742 வரை மாஸ்டராக இருந்த ரிச்சர்ட் பென்ட்லியைப் பதவி நீக்கத் தீர்ப்பே வாங்கினார்கள். தீர்ப்பை நிறைவேற்ற வேண்டிய துணை மாஸ்டர் வாக்கர் மறுத்துவிட்டதால் பென்ட்லி சாகும்வரை அங்கேயே இருந்தார்.

பெண்கள் வரவு மிகத் தாமதம். ஆய்வு மாணவியர் 1976, முதல் பெண் ஃபெலோ 1977, இளங்கலை மாணவியர் 1978.

#15 எண்கோலம்

ராமானுஜனுக்குப் பிறகு தமிழர் யார் ஃபெலோ ஆனார்கள்? அவருடைய ‘தொலைந்த குறிப்பேடு’ எனப்படும் கடைசிக் காலத் தாள்கள் டிரினிட்டியில்தான் இருக்கின்றனவா?

#16 பழஞ்சுவடி

சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1930-இல் போன சுப்பிரமணியன் சந்திரசேகர் 1933-இல் அதே பரிசு ஃபெலோஷிப் பெற்றார், 1937 வரை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் டிரினிட்டி ஃபெலோ.

குறிப்பேடு ரென் நூலகத்தில் இருக்கிறது. 1676-இல் தொடங்கி 1695-இல் முடிந்த கட்டடம், கிறிஸ்டோபர் ரென் வரைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மேல்தளத்தின் தரை எங்கே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறதோ, உண்மையில் தரை அதைவிடத் தாழ்ந்து, கீழ்த்தள வளைவுகள் எழும் மட்டத்தில் இருக்கிறது. வளைவின் மேற்பகுதியைக் கல்லால் அடைத்து அதை மறைத்திருக்கிறார். அதனால் உள்ளே சுவர் உயரம் கூடி, புத்தக அலமாரிகள் சன்னலுக்குக் கீழேயே அடங்கிவிடுகின்றன, வெளிச்சம் மறையவில்லை. நியூட்டன் தன் கைப்படத் திருத்திய பிரின்சிபியா நூலின் முதல் பதிப்பும் அங்கேதான்.

ராமானுஜன் கடைசி ஓராண்டில் எழுதிய அந்தத் தாள்கள் 130 பக்கத்துக்கு மேல், 600-க்கும் அதிகமான சூத்திரங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் ஹார்டிக்கு அனுப்பியவற்றோடு போய், பிறகு கணிதவியலாளர் ஜி. என். வாட்சனிடம் சேர்ந்தன. வாட்சன் 1965-இல் இறந்த பின் கணிதவியலாளர் ராபர்ட் ராங்கின் 1968 டிசம்பரில் டிரினிட்டிக்கு அனுப்பிவைத்தார். 1976-இல் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், வாட்சனின் காகிதங்களைப் புரட்டியபோதுதான் அது என்னவென்று உலகுக்குத் தெரிந்தது. நகல் பதிப்பு 1987-இல் வந்தது. இங்கிலாந்து போவதற்கு முன் எழுதிய மூன்று குறிப்பேடுகளின் மூலம் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது; அவற்றின் நகலை டாட்டா ஆய்வு நிறுவனம் 1957-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்க விரும்புபவர் 1957 பதிப்பிலிருந்து தொடங்குவது நல்லது. 1987 தொகுதியில் பக்க வரிசை ராமானுஜன் எழுதிய வரிசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டாத தனித்தாள்கள் அவை.